மடிப்புக் கலையாத பன்னிரண்டு பைகள்

எனக்குத் துணியைக் கண்டால் மடிக்காமல் இருக்க முடியாது. இது ஒரு வியாதி என்பது என் மனைவி செல்வியின் கருத்து. தென்காசி பஜாரில் அப்பாவுக்கு ஜவுளிக்கடை. வாடிக்கையாளர்கள் பிரித்துப் போட்ட சேலைகளை மடித்து மடித்தே வளர்ந்தவன் நான். நான் மடித்த சேலையை யாருமே பிரித்துப் பார்க்கவில்லை என்று கோவிலில் சத்தியம் செய்யலாம். (படிப்பில் இந்தத் திறமை எங்கே போனது என்று கேட்காதீர்கள்.)

அப்படிப்பட்டவனுக்கு ஒரு சிமெண்ட் ஆலையில் பர்ச்சேஸ் பிரிவில் வேலை கிடைத்தது. முதல் ஒரு வருடம் தற்காலிகம். செல்வியைப் பேசி முடித்தாயிற்று. ஆனால் சுந்தரபாண்டியபுரத்து மாமனார் ஒரு முட்டுக்கட்டை போட்டார்.

"மாப்ள, பெர்மனன்ட் ஆர்டர் கையில வரட்டும். பொறவு தேதி குறிப்போம்."

அந்த ஆர்டர் வர வேண்டுமானால் தங்கதுரை சார் சிபாரிசு செய்ய வேண்டும். சிமெண்ட் சூளைக்கு (ஆலையில் எல்லோருக்கும் அது 'கில்ன்'தான்) அவர்தான் மேலாளர். அவர் யாரையும் பாராட்டியதாகச் சரித்திரம் இல்லை.

சூளையிலிருந்து கொதிக்கக் கொதிக்க வரும் புகை, புகைபோக்கிக்குப் போகும் முன் நீள நீளமான துணிப்பைகள் வழியாகப் போகும். தூசி பையில் தங்கும், காற்று மட்டும் வெளியேறும். பழைய பைகளுக்கு வயதாகிவிட்டதால் புதிதாக எதை வாங்குவது என்று பார்க்கும் வேலை என்னிடம் வந்தது.

"மூணு கம்பெனிக்காரன் சாம்பிள் தந்துருக்கான். எல்லாவனும் அவனவன் பைதான் ஒசத்திங்கான். நல்லாப் பாத்து ஒண்ணச் சொல்லு" என்றார் தங்கதுரை சார்.

பட்டா, பாலியெஸ்டரா என்று கடையில் எப்படிப் பார்ப்போமோ அப்படியே பார்த்தேன். மூன்றிலும் ஒரு நூலை உருவித் தீக்குச்சியைக் காட்டினேன். முதல் நூல் உருகிச் சொட்டியது. இரண்டாவது கருகியது. மூன்றாவதோ லேசாகச் சிவந்துவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல் இருந்தது. அது கண்ணாடி இழையில் நெய்த துணி.

"எரநூறு டிகிரிக்கு மேல வருத பொகைக்கு இதுதான் சார் தாங்கும்."

அவர் பரிசோதனைக்கூட அறிக்கையைப் புரட்டினார். அதிலும் அதுவே எழுதியிருந்தது.

"பரவால்லலே, வெவரமாத்தான் இருக்க."

அன்று நான் தரையில் நடக்கவில்லை.

சோதனைக்காகப் பன்னிரண்டு பைகள் வந்தன. பெட்டியைத் திறந்ததும் எனக்கு ரத்தம் கொதித்தது. இவ்வளவு பெரிய கம்பெனி, ஒரு மடிப்பு ஒழுங்கில்லை! பைகளைத் தளர்வாக வளைத்து, ஏதோ பாம்பை அடைத்ததுபோல் வைத்திருந்தார்கள். (ஒரு காகிதமும் இருந்தது. பில்லாக இருக்கும் என்று படிக்காமல் ஃபைலில் போட்டேன்.) ஸ்டோர் ரூம் தரையில் உட்கார்ந்து பன்னிரண்டையும் உதறி, அளவெடுத்து, விளிம்போடு விளிம்பு சேர்த்து, விரலால் நீவி நீவி மடித்தேன். மடிப்பு நிற்க வேண்டுமே என்று மேலே இரண்டு பழைய மோட்டார்களைத் தூக்கி வைத்தேன். உடம்பெல்லாம் அரித்தது. கடமையில் அரிப்பும் ஒரு பகுதி என்று நினைத்துக்கொண்டேன்.

ஸ்டோர் கீப்பர் பிச்சையா அண்ணாச்சி சொக்கிப்போனார். "முகூர்த்தப் பட்டு மாதிரில்லா அடுக்கிருக்க!"

பைகளை மாட்டினார்கள். மூன்று நாள் ஒரு குறையும் இல்லை.

குற்றாலத்தில் சாரல் தொடங்கியதும் எங்கள் ஆலைமீது தலைமை அலுவலகத்துக்குத் திடீர் அக்கறை பிறந்துவிடும். அந்தச் சனிக்கிழமை சூளையை ஆய்வு செய்ய டைரக்டரே வந்தார். காரின் பின்சீட்டில் துண்டும் நல்லெண்ணெய் பாட்டிலும் இருந்தன. வெள்ளைச் சட்டை, வெள்ளை பேண்ட்.

"புகையே தெரியலையே, வெரி குட்" என்று அவர் அண்ணாந்து பார்த்தபோது புகைபோக்கி இருமியது. ஒரு முறை அல்ல. சாம்பல் நிறத் தூசி, சாரலோடு சேர்ந்து, எங்கள் தலைமேல் சேறாக இறங்கியது. டைரக்டரின் கண்கள் மட்டும் வெள்ளையாக இருந்தன.

அந்தப் பைகள் மாட்டிய பகுதியை மட்டும் அடைத்து, ஆறவிட்டு, மதியம் பைகளை இறக்கினார்கள். பன்னிரண்டும் கிழிந்திருந்தன. அதுவும் வரிவரியாக, ஒரே இடைவெளியில், ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல். கண்ணாடி இழை எவ்வளவு மெத்தென்று இருந்தாலும் கண்ணாடிதான். அழுத்தி மடித்தால் மடித்த இடத்தில் நொறுங்கும். அந்தக் காகிதத்தில் அதைத்தான் எழுதியிருந்தார்களாம்.

"இத எவம்லே மடிச்சான்?" என்று கத்தினார் தங்கதுரை சார்.

பிச்சையா அண்ணாச்சி பெருமையாக என்னைக் காட்டினார். "நம்ம பயதான் சார். அம்சமா மடிப்பான்."

ஆர்டரும் கல்யாணத் தேதியும் சேர்ந்து காற்றில் போவது தெரிந்தது.

டைரக்டரைக் கழுவியாக வேண்டும் என்பதால் எல்லோரும் குற்றாலத்துக்குப் போனோம். தண்டனையாகவோ என்னவோ, துணிகளைக் காவல் காக்கும் வேலை எனக்கு. மெயின் அருவியில் டைரக்டர் நின்ற இடத்திலிருந்து சாம்பல் தண்ணீர் ஓடியது. பக்கத்தில் நின்றவர்கள் ஒதுங்கிப் போனார்கள். நான் கவலையில் மூழ்கியிருந்தேன். தலையைத் துவட்டிக்கொண்டே வந்த தங்கதுரை சார் அலறினார்.

"ஏலே! அதயாது மடிக்காம வையிலே!"

குனிந்து பார்த்தேன். டைரக்டரின் அழுக்குப் பேண்ட் என் மடியில் சதுரமாக, விளிம்போடு விளிம்பு சேர்ந்து, நீவி விடப்பட்டு இருந்தது. எப்போது மடித்தேன் என்று சத்தியமாகத் தெரியாது.

டைரக்டர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஈரத்தோடு படியில் உட்கார்ந்து சிரித்தார். "இவன் வேணும்னு பண்ணலைய்யா. இவனால மடிக்காம இருக்க முடியலை" என்றார்.

வேலை போகவில்லை. பெர்மனன்ட் ஆர்டர் ஆறு மாதம் தள்ளிப்போனது, கல்யாணமும் கூடவே தள்ளிப்போனது. காரணத்தை மாமனாரிடம் சொல்ல வெட்கப்பட்டுச் செல்வியிடம் போனில் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "எங்க வீட்ல நாப்பது சேல மடிக்காமக் கெடக்கு. சீக்கிரம் வாங்க" என்றாள்.

கல்யாணத்துக்குத் தங்கதுரை சார் ஒரு பட்டு வேட்டி கொண்டுவந்தார். அதைப் பாய்போல் சுருட்டி, நூல் கட்டி, ஒரு காகிதமும் செருகியிருந்தார். மேடையில் எல்லோர் முன்னாலும் என்னை அதை உரக்கப் படிக்க வைத்தார்.

"மடிக்கக் கூடாது. இதையாவது படி."

அந்த வேட்டி இன்றும் எங்கள் பீரோவில் சுருட்டியபடிதான் இருக்கிறது. நான் அந்தப் பக்கம் போனாலே செல்வி சமையலறையிலிருந்து குரல் கொடுக்கிறாள்: "ஏங்க, அங்கன கை வைக்காதீங்க!"