எங்கள் வீட்டின் மேல் ஒரு நேர்கோடு

விமானி வேலைக்கான நேர்முகத் தேர்வில் அப்பாவைச் சொல்லிச் சலுகை கேட்ட ஒரே ஆள் இந்த நாட்டில் நானாகத்தான் இருக்க வேண்டும். வேறு யாராவது இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். இத்தனை வருஷமாக இந்த அவமானத்தைத் தனியாகச் சுமந்து எனக்கு அலுத்துவிட்டது.

எங்கள் வீடு புதுப்பட்டினத்தில். அப்பா கல்பாக்கத்தில் ஸ்டாஃப் பஸ் ஓட்டினார். விஞ்ஞானிகளையும் டெக்னீஷியன்களையும் காலையில் ஏற்றிக்கொண்டு போய், சாயங்காலம் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்து விடுவது அவர் வேலை. ஊழியர்கள் குடியிருக்கும் டவுன்ஷிப்பின் கேட்டில் நிற்கும் செக்யூரிட்டிக்காரர்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். அதனால் எங்கள் வீட்டில் எந்தப் பிரச்சினைக்கும் ஒரே தீர்வுதான். டவுன்ஷிப் மைதானத்தில் விளையாட்டு விழா பார்க்க வேண்டுமா? "அப்பா கேட்ல சொல்லிடுவாரு" என்பாள் அம்மா. அத்தை குடும்பம் வந்திருக்கிறது, உள்ளே போய்ச் சுற்றிப் பார்க்க ஆசைப்படுகிறார்களா? "அப்பா கேட்ல சொல்லிடுவாரு." அப்பா போய்ச் சொல்வார். அவர்கள் பாஸ் எழுதிக் கொடுப்பார்கள். நாங்கள் ராஜா வீட்டுப் பிள்ளைகள் மாதிரி உள்ளே நடப்போம். (முறையாகக் கேட்டால் யாருக்கும் அப்படித்தான் எழுதித் தருவார்கள் என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. அதுவரை எல்லாம் அப்பாவின் செல்வாக்கு என்றே நினைத்திருந்தேன்.)

அந்தக் காலத்துச் சாயங்காலங்களை நினைத்தால் இப்போதும் மனசு இளகிவிடுகிறது. ஷிஃப்ட் முடிந்து சைக்கிள்கள் சாரிசாரியாக வரும். நடுவில் அப்பாவின் பஸ் வரும். எங்கள் தெருமுனையில் மட்டும் ஹாரனைச் சின்னதாக ஒரு தட்டு தட்டுவார். அது எனக்காக. நான் விமானம் ஓட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டதற்குக்கூட அந்த ஹாரன்தான் காரணம் என்று நினைக்கிறேன். அதைவிடப் பெரிய வண்டி எது என்று தேடிப் போனவள்தானே நான்.

அப்பா வாங்கிப் போட்டிருந்த மனையை விற்று என்னை வடக்கே ஒரு பயிற்சிப் பள்ளிக்கு அனுப்பினார். லைசென்ஸ் வாங்கிக்கொண்டு வந்தேன். வேலைதான் வரவில்லை. வேலையில்லாத விமானியின் லைசென்ஸ், ஃப்ரிட்ஜுக்கு வெளியே வைத்த இட்லி மாவு மாதிரி. நாள் ஆக ஆகப் புளித்துக்கொண்டே போகும். ஓட்டாமல் இருக்கும் ஆளை எந்தக் கம்பெனியும் சீந்தாது. நான் வீட்டில் உட்கார்ந்து பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டில் மீன் விற்கும் எலிசா அக்கா தினமும் கேட்பாள்.

"இன்னாம்மா, எப்போ நம்ம வூட்டு மேல ஓட்டிகினு வருவே?"

"வேலை கெடைச்சதும் வரேங்க்கா."

"வந்தா லைட்டப் போட்டுக் காட்டு. நாங்க மாடில நின்னு கை காட்றோம்."

சரி என்று வாக்குக் கொடுத்தேன். அவளுக்கு மட்டுமா, தெரு முழுக்கக் கொடுத்திருந்தேன்.

கடைசியில் ஒரே ஒரு கம்பெனி கூப்பிட்டது. சின்ன விமானங்களில் மருந்து, இயந்திர உதிரி பாகம் என்று சரக்கு ஏற்றும் கம்பெனி. வசதியுள்ளவர்கள் வாடகைக்குக் கேட்டால் அவர்களையும் ஏற்றிக்கொண்டு போகும். ஆபீஸ் படூரில். அப்பா லீவு போட்டுவிட்டுக் கூடவே வந்தார், லீவு நாளிலும் காக்கிச் சட்டையோடு. விமானக் கம்பெனி என்றால் வாசலில் ஒரு விமானமாவது நிற்கும் என்று இரண்டு பேருமே நினைத்திருந்தோம். போய்ப் பார்த்தால் கீழே பிரியாணிக் கடை, மேலே ஆபீஸ்.

"இது இல்லன்னா வேற எதுவும் இல்ல, தெரியும்ல?" என்று அப்பாவிடம் சொன்னேன்.

"தெரியும். போயிட்டு வா கண்ணு" என்று அவர் பிரியாணிக் கடை வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

மேலே இரண்டு பேர். ஒருவர் தலைமை விமானியான கேப்டன். நரைத்த தலை, இஸ்திரி கலையாத சட்டை, பார்த்தால் வடக்கத்திக்காரர் போல இருந்தார். இன்னொருவர் எச்.ஆர். அம்மா. எல்லாம் இங்கிலீஷில்தான். கேப்டன் என்ஜின் கேட்டார், வானிலை கேட்டார், எடைக் கணக்கு கேட்டார். எல்லாவற்றுக்கும் டக் டக்கென்று பதில் சொன்னேன். எனக்கே என் மேல் மரியாதை வந்துகொண்டிருந்தது.

பிறகு கேப்டன் ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளி, இங்கிலீஷிலேயே சொன்னார். "நம்ம கஸ்டமர் ஒருத்தர் சென்னையிலேர்ந்து கிளம்பி மாமல்லபுரத்தை மேலேர்ந்து பாத்துட்டு, அப்படியே பாண்டிச்சேரி போகணும்ங்கிறார். வழியை வரைஞ்சு காட்டுங்க."

என் கடற்கரை! என்னிடமா! கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் என்று ஊர் ஊராகப் புள்ளி வைத்துக் கோடு இழுத்தேன். இழுத்த கோட்டை நேராக எங்கள் வீட்டின் மேல் விட்டேன். அதோடு நிறுத்தாமல் அங்கே சின்னதாக ஒரு சதுரம் வேறு போட்டு, "இது எங்க வீடு சார்" என்றேன்.

கேப்டன் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தடை செய்யப்பட்ட வான்பகுதி என்றால் என்ன?"

வரையறையை ஒரு கமா விடாமல் ஒப்பித்தேன்.

"எந்த மாதிரி இடங்களுக்கு மேலே அப்படி வைப்பாங்க? ஒரு உதாரணம்?"

"அணுமின் நிலை..." என்று ஆரம்பித்தவள் நின்றுவிட்டேன். என் விரல் இன்னும் அந்தச் சதுரத்தின் மேலேயே இருந்தது.

சின்ன வயதில் எங்கள் மாடியிலிருந்து பார்த்தால் விமானங்கள் எல்லாம் எங்கேயோ தள்ளித்தான் போகும். நம்ம ஊரை யாருக்குத் தெரியும், அதனால்தான் வருவதில்லை என்று நினைத்துக்கொள்வேன். அந்த நினைப்பை லைசென்ஸ் வாங்கிய பிறகும் யாரும் வந்து திருத்தவில்லை. பறக்கும் விதிகளை மனப்பாடம் செய்த மூளைக்கு, எங்கள் மொட்டை மாடியும் அந்த விதிக்குள்தான் இருக்கிறது என்பது மட்டும் எட்டவே இல்லை.

"அதுக்கு மேலே பறக்க உங்களுக்கு யார் அனுமதி கொடுப்பாங்க?" என்றார் கேப்டன்.

யாரும் கொடுக்க மாட்டார்கள். அதுதான் பதில். ஒன்றாம் வகுப்புக் கேள்வி. ஆனால் இங்கிலீஷ் மொத்தமும் காலை வாரிவிட்டு, வாய் தானாகத் தமிழில் திறந்துகொண்டது.

"அப்பா கேட்ல சொல்லிடுவாரு சார்."

கேப்டன் பேனாவை மூடி வைத்தார். பிறகு அழகான தமிழில், ரொம்ப நிதானமாகக் கேட்டார். "எந்த கேட்டும்மா?"

(அங்கேயாவது நான் வாயை மூடியிருக்கலாம்.)

"டவுன்ஷிப் மெயின் கேட் சார். மணி அண்ணன் டூட்டில இருந்தா டக்குனு பாஸ் போட்டுக் குடுத்துடுவாரு."

"பிளேனுக்குமா?"

தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த எச்.ஆர். அம்மாவுக்குப் புரையேறிவிட்டது. வெளியே காத்திருக்கச் சொன்னார்கள். நான் காத்திருக்கவில்லை. படியிறங்கி நேராக அப்பாவிடம் போய் நின்றேன்.

"இன்னாம்மா, மூஞ்சி இப்டி கீது?"

விக்கி விக்கி எல்லாவற்றையும் சொன்னேன். மனை போச்சு, வேலை போச்சு, நம்ம மானமும் போச்சுப்பா என்றேன். அவர் என்னை நிறுத்தினார்.

"இரு இரு. இன்னா சொன்னே? இன்னொரு தபா சொல்லு."

"அப்பா கேட்ல சொல்லிடுவாருன்னு..."

"இங்கிலீஷ்லயா, தமிழ்லயா?"

"தமிழ்லதான்."

"அந்தக் கேப்டனுக்குப் புரிஞ்சிச்சா?"

"நல்லாவே புரிஞ்சிச்சுப்பா!"

அப்பா நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு நிஜமான கவலையோடு சொன்னார். "கேட்ல நான் சொன்னா பாஸ் குடுப்பான். ஏரோப்பிளேனுக்கு மணி இன்னாம்மா பண்ணுவான்? பாவம்."

அழுதுகொண்டிருந்த எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பிரியாணிக் கடைக்காரர் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அப்போது மாடியிலிருந்து எச்.ஆர். அம்மா எட்டிப் பார்த்து, திரும்ப வரச் சொன்னார்.

என் சர்டிஃபிகேட்டுகளைத் திருப்பித் தரத்தான் கூப்பிடுகிறார்கள் என்று போனேன். கேப்டன் அந்தத் தாளை இன்னும் கையில் வைத்திருந்தார். "நம்ம கிட்ட வர்ற பாசஞ்சர்ல பாதிப் பேர் மந்திரியைத் தெரியும்பாங்க, மீதிப் பேர் மந்திரிக்கு என்னைத் தெரியும்பாங்க. ஒருத்தர், 'நான் சொல்லிக்கறேன், அந்தத் தடைப்பகுதிக்கு மேலயே போ'ங்கிறார். நீங்க என்ன செய்வீங்க?"

இனி இழக்க ஒன்றுமில்லை என்ற தைரியத்தில் தமிழிலேயே சொன்னேன். "முடியாதுன்னுடுவேன் சார். இப்படித்தான் நானும் ஒரு எடத்துல எனக்கு ஆளு இருக்குன்னு சொல்லிட்டு, கீழ போய் அழுதுட்டு வரேன், நீங்களும் அழாதீங்கன்னு சொல்வேன். அதுக்கப்புறம் கடல் பக்கமாச் சுத்திக்கினு போவேன்."

கேப்டன் சிரித்த சிரிப்பு கீழே பிரியாணிக் கடை வரை கேட்டதாம். சிமுலேட்டர் தேர்வுக்கு வரச் சொன்னார். அதில் நான் ஒழுங்காக ஓட்டினேன். வேலை கிடைத்தது.

இப்போது நானே கேப்டன். அந்தக் கரையோரம் போகும்போதெல்லாம் நல்ல பிள்ளையாகக் கடல் பக்கம் ஒதுங்கித்தான் போகிறேன். கிளம்ப அனுமதி தாமதமானால், பக்கத்து சீட்டில் இருப்பவர் யாராக இருந்தாலும் "மேடம், கேட்ல சொல்லலாமா?" என்று கேட்டுவிடுவார். எலிசா அக்காவுக்கு இன்னும் என் மேல் சந்தேகம்தான். "எங்க வூட்டு மேல வராதவ, எந்தப் பிளேனை ஓட்டறா?" என்று அம்மாவிடமே கேட்டிருக்கிறாள்.

வீட்டில் நல்லது கெட்டது எதற்குக் கூடினாலும் தம்பி இந்தக் கதையை நடித்துக் காட்டுவான். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அப்பா மட்டும் சிரிப்பதில்லை. சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு கம்பீரமாக உட்கார்ந்திருப்பார். பஸ் ஓட்டிய காலம் முழுக்க அவரை ஆபீசர்கள் "டிரைவர்" என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் ஒரு வார்த்தை சொன்னால் வானத்தில்கூட வழி விடுவார்கள் என்று நம்பியது நான் ஒருத்திதான். அதையும் ஒரு விமானக் கம்பெனி ஆபீசுக்குள் உட்கார்ந்து சொல்லியிருக்கிறேன். என் அவமானம் அவருக்குப் பதக்கமாகிப் போனதில் எனக்கு எத்தனை சந்தோஷம் என்று அவரிடம் இதுவரை சொன்னதில்லை.

அப்பா ரிட்டயர் ஆகிவிட்டார். "பொண்ணுக்கு அந்த வேலை எப்டிண்ணா கெடைச்சிச்சு?" என்று யாராவது கேட்டால் அவர் ஒரே பதில்தான் வைத்திருக்கிறார்.

"நான்தான் ஒரு வார்த்த சொன்னேன்."

நான் மறுப்பதில்லை.