கண்ணீர் அக்காவும் காகிதக் காதலிகளும்

ஹம்பேர்க்கின் மழையையும் கண்ணீர் அக்காவின் கோபத்தையும் தடுத்து நிறுத்தக்கூடிய மனிதர் இன்னும் பிறக்கவில்லை. மழையாவது சில நாள் ஓய்வெடுக்கும். அக்காவின் கோபத்துக்கு விடுமுறையே கிடையாது. அதுவும் வாடகை, விலைவாசி என்று நாமெல்லாம் கோபப்படுகிற விஷயங்களுக்கு அது வராது. பழைய காதல் காமிக்ஸில் அழுகிற பெண்களுக்காக வரும்.

இப்போது நான் எர்லாங்கனில் சைக்கிள் மிதித்து வேலைக்குப் போகிறவள். அதற்கு முன் சில ஆண்டுகள் ஹம்பேர்க்கில் இருந்தேன். எங்கள் எஸ்-பான் ரயில் நிலைய வாசலில் ஒரு பேக்கரி. அங்கே ரொட்டி விற்றவர்தான் கண்ணீர் அக்கா. சொந்தப் பெயர் என்னவென்று அந்தப் பக்கத்துத் தமிழர் எவருக்கும் தெரியாது. அவர் அழுது யாரும் பார்த்ததும் இல்லை. அழுததெல்லாம் அவர் வீட்டு அலமாரியில் இருந்தவர்கள்தான்.

ஒருநாள் தேநீருக்குக் கூப்பிட்டு அலமாரியைத் திறந்து காட்டினார். அரை நூற்றாண்டுக்கு முந்தைய ஜெர்மன் காமிக்ஸ் புத்தகங்கள், அடுக்கடுக்காக. எந்த அட்டையைப் பார்த்தாலும் ஒரு பொன்முடிக்காரி, அவள் கன்னத்தில் இலந்தைப்பழம் பருமனுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர், பின்னால் இன்னொருத்தியைக் காரில் ஏற்றிக்கொண்டு போகிற ஒரு தடியன். பள்ளிக்கூட நடன விழாவுக்கு யார் யாரோடு போவது என்று கடைசிப் பக்கம் வரை மூச்சுவாங்கும் இளவட்டக் கதைகளும் இருந்தன.

“இதுதான் பிள்ளை என்ரை பள்ளிக்கூடம்” என்றார் அக்கா. யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்த புதிதில், முகாமில் மொழி வகுப்பு எதுவும் இல்லையாம். நிலவறையில் யாரோ போட்டுவிட்டுப் போன ஒரு கட்டு கிடைத்திருக்கிறது. “முகத்தைப் பாத்தால் சொல்லு விளங்கும். வாய் கோணினால் துக்கம். புருவம் ஏறினால் சந்தேகம். அகராதி பிறகுதான்.”

இதன் விளைவு என்னவென்றால், அக்காவுக்குக் காதல் காமிக்ஸ் ஜெர்மனைத் தவிர வேறு ஜெர்மன் தெரியாது. காலையில் கசகசா ரொட்டி கேட்டு ஒரு பெரியவர் வருவார். தீர்ந்துபோயிருக்கும். அக்கா அவர் கண்ணை நேராகப் பார்த்து, “தாமதமாக வந்துவிட்டீர்கள். அது இன்னொருவருடன் போய்விட்டது” என்பார். பெரியவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு அணைத்துக்கொள்வார்.

மருத்துவரின் கிளினிக்குக்கு ஒருமுறை போன் செய்து, “எல்லாம் முடிந்துவிட்டது! இனி ஒரு நாளும் தாங்கமாட்டேன்!” என்றிருக்கிறார். சைரன் அலற ஆம்புலன்ஸ் வந்து நின்றது. முடிந்துபோயிருந்தது பிரஷர் மாத்திரை.

சிரிப்பதற்கு முன் இதையும் கேளுங்கள். நானும் அக்காவும் குடியிருந்த கட்டடத்தில் ஹீட்டர் பழுதானபோது நான் வீட்டு உரிமையாளருக்குப் பணிவாக மின்னஞ்சல் மேல் மின்னஞ்சலாக அனுப்பினேன். ஒரு குருவிகூட எட்டிப் பார்க்கவில்லை. அக்கா அவரிடம் நேரில் போய், “என் அறையைப் போலவே உங்கள் இதயமும் குளிர்ந்துவிட்டதா?” என்று மட்டும் கேட்டுவிட்டு வந்தார். மறுநாளே ஆள் வந்தது.

அப்படிப்பட்டவர் வேலை பார்க்கும் கடைக் கண்ணாடியில்தான், முதலாளி போகிறபோக்கில் ஒரு சுவரொட்டியை ஒட்டிவைத்தார். ‘பழைய காதல் காமிக்ஸ், புத்தம்புது வசனம்’ என்று ஒரு கண்காட்சி. படத்தில் கண்ணீரும் கம்பலையுமாக ஒரு பெண். அவள் பேச்சுக் குமிழியில்: ‘அவன் போனால் போகட்டும். வைஃபை கடவுச்சொல்லையும் மாற்றிவிட்டானே!’

“உதென்ன பிள்ளை உது?” என்றார் அக்கா. கையில் ரொட்டி வெட்டும் கத்தி.

“ஜோக்குதான் அக்கா. பழைய படத்துல புது டயலாக் போட்டு காமெடி பண்றாங்க. இப்ப இன்டர்நெட் பூரா இதுதான்.”

“பகிடியோ? இவள் ஆரெண்டு தெரியுமோ உமக்கு? சொந்தத் தங்கச்சியே இவளின்ரை மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போட்டாள். அழுகிற பிள்ளையின்ரை வாய்க்குள்ளை வைஃபையைத் திணிச்சு வைச்சிருக்கினம்! விசர் பிடிச்சதுகள்!”

அந்த வாரம் முழுக்க அங்கே ரொட்டி வாங்கியவர்கள் குற்றவாளிகளைப் போலத் தலையைக் குனிந்தபடி வாங்கிப் போனார்கள். சனிக்கிழமை மதியம் அக்கா என் கதவைத் தட்டினார். மழைக்கோட்டுக்குள் காஞ்சிபுரம் பட்டு. “வாரும் பிள்ளை. சாட்சிக்கு ஒராள் வேணும்.”

கண்காட்சி, ஊருக்குள்ளேயே அல்டோனா பகுதியில் ஒரு பழைய தொழிற்சாலைக் கூடத்தில். காமிக்ஸ் கட்டங்களை ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி நிறுத்தியிருந்தார்கள். சிலவற்றில் நக்கல் வசனம் ஏற்கெனவே எழுதியிருந்தது. மற்றவற்றில் குமிழி காலி. பக்கத்தில் நூலில் கட்டிய பேனா. வருகிறவர்கள் எழுதலாம். அதிகக் கைதட்டல் வாங்கும் வசனத்துக்குப் பரிசு.

அக்கா ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு போனார். அவர் மூச்சு எனக்குப் பக்கத்தில் பிரஷர் குக்கரைப் போலக் கேட்டது. ஒரு படத்துக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டார். ரயில் மேடையில் தனியாக ஒரு பெண் அழுகிறாள். வசனம்: ‘இன்றைக்கும் எஸ்-பான் ரத்தா!’ அன்று காலை எங்கள் ரயிலும் ரத்தாகியிருந்ததால் நான் வாயைப் பொத்திக்கொள்ள வேண்டியதாயிற்று. அக்கா என்னைப் பார்க்கவில்லை. நேராக ஏற்பாட்டாளரிடம் போனார். நீலநிறத் தலைமுடியோடு ஓர் இளம்பெண்.

“ஒரு பெண்ணின் துயரத்தை மிதித்துவிட்டு உங்களால் நிம்மதியாக உறங்க முடிகிறதா?”

அந்தப் பெண் கைதட்டினாள். “அற்புதம்! அந்தக் கால வசனம் அப்படியே! நீங்கள் அவசியம் எழுத வேண்டும்!” என்று பேனாவை நீட்டினாள்.

அக்கா எழுதினார். காலியாக இருந்த முதல் அழுகைக்காரியின் குமிழியில்: ‘பல்லைக் காட்டுகிறவர்களே, அப்படியே நில்லுங்கள். அழுது முடித்துவிட்டு உங்களிடம் வருகிறேன்.’ கூடம் வெடித்துச் சிரித்தது. அக்காவுக்கு முகம் சிவந்தது. அடுத்த படத்தில் பூங்கொத்தோடு நின்ற காதலன் வாயில்: ‘நான் ஒரு கழுதை. இதைத் தின்பதற்குத்தான் கொண்டுவந்தேன்.’ ஒருவர் சிரிப்புத் தாங்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

“ஏன் பிள்ளை சிரிக்கினம்? நான் ஏசியெல்லோ எழுதினனான்!”

ஏச ஏசச் சிரித்தார்கள். கடைசியில் நடக்கக்கூடாதது நடந்தது. பரிசு அக்காவுக்கு. ஒரு கோப்பை, அதன் மேல் வைஃபைக்காக அழுகிற அதே பெண். செத்த எலியைத் தூக்குவதுபோல் இரண்டு விரலால் அதைப் பிடித்துக்கொண்டு அக்கா ஒலிவாங்கி முன் நின்றார்.

அன்றுதான் முதன்முறையாக அவருடைய ஜெர்மன் இடறியது. காமிக்ஸில் இல்லாத வாக்கியங்களை அவரே தேடித் தேடிச் சேர்க்க வேண்டியிருந்தது.

“நான் பகிடிக்கு எழுதவில்லை. நான் வந்தபோது இந்த நாட்டில் யாரும் என்னோடு பேசவில்லை. இந்தப் படங்களில் நிற்கிற பெண்கள்தான் பேசினார்கள். ஊரில் என் அண்ணன் செத்த செய்தி வந்தது. முகாமில் எல்லாரும் என்ன, என்ன என்று கேட்டார்கள். எனக்கு வார்த்தை இல்லை. ரயில் மேடையில் நிற்கிற அந்தப் பெண் சொன்னதுதான் தெரியும். ‘அவன் இனி வரமாட்டான்.’ அதைச் சொல்லித்தான் அழுதேன்.”

நீலமுடிப் பெண் தரையைப் பார்த்தாள்.

அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு ஜெர்மன் மூதாட்டி எழுந்தார். “மன்னிக்க வேண்டும், அவன் வந்தான்! அடுத்த இதழிலேயே வந்தான். நான் படித்திருக்கிறேன். அவளும் அவனை மன்னித்துக் கல்யாணம் செய்துகொண்டாள்!”

அக்காவுக்கு அந்த அடுத்த இதழ் கிடைத்ததே இல்லை. ஒலிவாங்கி இருப்பதையே மறந்து தமிழில், “அந்தப் பேயனையோ?” என்று கத்தினார். கூடம் அதிர்ந்தது.

திரும்பும் வழி முழுக்க ரயிலில் அதே பேச்சு. “இவ்வளவு காலமும் அவளுக்காண்டி அழுதனான் பிள்ளை. கடைசியிலை அந்தத் தறுதலையைக் கட்டியிருக்கிறாள். கேட்க ஆளில்லை!” மறுவாரம் நீலமுடிப் பெண் பேக்கரிக்கு வந்து, ரயில் மேடைப் படத்தின் வசனத்தை அழித்துவிட்டதாகச் சொல்லிவிட்டுப் போனாள். “அவளுக்கு உது போதும். நக்கலும் வேண்டாம், இரக்கமும் வேண்டாம்” என்றார் அக்கா. கோபம் முழுவதும் இப்போது கதாநாயகி பக்கம் திரும்பியிருந்தது.

அந்தப் பனிக்காலத்தில் திருச்சியில் எனக்கு நிச்சயமாகியிருந்த கல்யாணம் நின்றுபோனது. மாப்பிள்ளை வீட்டார் ஒரு காரணமும் சொல்லவில்லை. ஆபீஸில் அதையே ஜோக்காக்கிச் சொல்லிச் சமாளித்துக்கொண்டிருந்தேன். பேக்கரியிலும் அதேபோல ஆரம்பித்தேன். “அக்கா, நல்லவேளை, ஒரு விசா செலவு மிச்சம்.”

அக்கா சிரிக்கவில்லை. கல்லாவை விட்டு வெளியே வந்து, என் கையைப் பிடித்துப் பின்னாலிருந்த மாவறைக்குள் இழுத்துப் போனார். “பகிடி விடாதையும். எனக்கு முன்னாலை வேண்டாம். அழுறதெண்டால் அழும்.”

அழுதேன். வெளியே வரிசை நீண்டுகொண்டே போனது. யாரோ பொறுமையிழந்து குரல் கொடுத்தார்கள். “பொறுங்கோ!” என்று தமிழிலேயே ஓர் அதட்டல் போட்டுவிட்டு, என் தலையில் வைத்த கையை எடுக்காமல் நின்றார் அக்கா.