கப்பலுக்கு பிரேக் எங்கே இருக்கிறது?

இந்த ஒரு தடவை மனைவிக்கு விட்டுக்கொடுப்பதில்லை என்று லிஃப்ட்காரர் தீர்மானம் செய்தார். தீர்மானம் நிறைவேறிய இடம், ஓர் அலுவலகக் கட்டிடத்தில் எட்டாவது மாடிக்கும் ஒன்பதாவது மாடிக்கும் நடுவில், நின்றுபோன லிஃப்டின் உச்சந்தலை. கையில் ஸ்பானர். முழங்கை வரை கிரீஸ். எதிர்த்துப் பேச ஈ காக்கைகூட இல்லை. அவருடைய வீரத் தீர்மானங்களெல்லாம் இப்படிப்பட்ட இடங்களில்தான் பிறக்கும். வீடு போய்ச் சேர்வதற்குள் பாதி இறங்கிவிடும்.

விஷயம் இதுதான். மனைவிக்கு ஒரு பயண அலுவலகத்தில் வேலை. பகல் முழுக்க ஊரில் உள்ளவர்களை மலைக்கும் கடலுக்கும் அனுப்பிவைத்துவிட்டு, சாயங்காலம் பஸ்ஸில் நின்றுகொண்டே வீட்டுக்கு வருவாள். அந்த அலுவலகம் இப்போது ஒரு சொகுசுக் கப்பலில் ஒரு வாரத்துக்கு ஓர் அறையைச் சும்மா கொடுத்திருக்கிறது. ஒரே நிபந்தனை: ஒரு பெரியவர், ஒரு பிள்ளை. மூன்றாவது ஆளுக்கு இடமில்லை.

பிள்ளை யார் என்பதில் சண்டை வர வழியில்லை. இருப்பது ஒரே பெண். இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். வாயைத் திறந்தால் கேள்வி, மூடினால் அடுத்த கேள்விக்கான ஏற்பாடு. அதனால் வீட்டில் அவளுக்குப் பெயரே கேள்விக்குறி. சண்டையெல்லாம் பெரியவர் யார் என்பதில்தான்.

லிஃப்ட்காரருக்கு இது வெறும் கப்பல் ஆசை இல்லை. லிஃப்ட் ஞாயிற்றுக்கிழமை என்று பார்த்தா கெட்டுப்போகிறது? போன் வரும், கிளம்பிவிடுவார். மகள் பேசுவதெல்லாம் அம்மாவிடம். அவருக்கு வந்து சேர்வது அதன் சுருக்கம் மட்டும். ஒருமுறை பள்ளிக்கூடத்தில் ‘என் அப்பா’ என்று படம் வரையச் சொன்னார்களாம். மேலேயிருந்து தொங்கும் இரண்டு கால்களை வரைந்துவிட்டு வந்தாள். “மீதி அப்பா எங்கே?” என்று டீச்சர் கேட்டதற்கு, “லிஃப்டுக்கு மேல இருக்காங்க” என்றாளாம். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆனால் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு வாரம் முழு அப்பாவாக இருந்து பார்த்துவிட வேண்டும் என்று அன்றிலிருந்து ஒரு தவிப்பு.

சாப்பாட்டு மேசையில் பேச்சை ஆரம்பித்தார்.

“இந்தக் கப்பல் விஷயமா ஒரு முடிவு எடுத்திருக்கேன்.”

“நானும் எடுத்திருக்கேன்” என்றாள் மனைவி. “நான்தான் போறேன். எத்தனை வருஷ ஆசை தெரியுமா?”

“ஆசையா? நான் பிறந்ததுலேர்ந்து மேலேயும் கீழேயும்தான் போயிட்டிருக்கேன். பக்கவாட்டுல ஒரு தடவையாவது போக வேண்டாமா?”

“அதுக்கு பஸ்ல போங்க.”

“கடல்ல பிள்ளையைப் பாத்துக்க விவரம் தெரிஞ்ச ஆள் வேணும்!”

“அதைத்தான் நானும் சொல்றேன். நீங்க வீட்டுல இருங்க.”

ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். நடுவில் உட்கார்ந்து தட்டைக் காலி செய்துகொண்டிருந்த கேள்விக்குறிதான் தீர்ப்புச் சொன்னாள். “கப்பலைப் பத்தி நான் கேள்வி கேப்பேன். யாருக்கு நிறையத் தெரியுதோ அவங்க என்கூட வரலாம். ஞாயித்துக்கிழமை பரீட்சை.”

லிஃப்ட்காரர் கணக்குப் போட்டுப் பார்த்தார். மனைவி பயண அலுவலகம். தினமும் கப்பல் டிக்கெட் விற்பவள். அவரோ குளியலறை வாளியைத் தவிர வேறு நீர்ப்பரப்பைப் பார்த்தவர் இல்லை. ஆனாலும் பின்வாங்கவில்லை. மறுநாளே அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினார்.

அடுத்த வீட்டுக்காரர் கப்பலில் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். பேசுவதற்கு ஆள் கிடைக்காமல் காய்ந்து கிடந்தவர். வெறும் வாயை மென்றுகொண்டிருந்தவருக்கு அவல் கிடைத்தது.

“உக்காருங்க தம்பி. பிள்ளையோட முதல் பயணமா? முதல்ல பெட்டியை மறந்துடுங்க.”

“பெட்டி இல்லாம எப்படிண்ணே?”

“ஏறும்போதே பெட்டியை வாங்கிக்குவாங்க. அறைக்கு வந்து சேர சாயங்காலம் ஆயிடும். அதுவரைக்கும் பிள்ளை நீச்சல் குளத்தைப் பாத்துக்கிட்டு, நீச்சல் உடை பெட்டிக்குள்ள இருக்குன்னு அழுதுக்கிட்டு நிக்கும். அதனால மாத்து உடை, மருந்து எல்லாம் கைப்பையில.”

“ஆகா!”

“தலை சுத்துதுன்னா அறைக்குள்ள போய்ப் படுக்கக் கூடாது. மேல்தளத்துல நின்னு தூரத்துல கடல் முடியற கோட்டைப் பாக்கணும். அப்புறம் சுவரெல்லாம் இரும்பு. காந்தம் வச்ச கொக்கி கொண்டு போனீங்கன்னா துணி, தொப்பி எல்லாம் மாட்டிக்கலாம். நடைபாதையில எல்லாக் கதவும் ஒரே மாதிரி இருக்கும். பிள்ளை கண்ணுக்குத் தெரியற உயரத்துல உங்க கதவுல ஒரு படத்தை ஒட்டிடுங்க. இல்லேன்னா அடுத்தவங்க அறையில போய்ப் படுத்துக்கும். ஒருமுறை அப்படித்தான் கேப்டனோட கட்டில்ல...”

கேப்டனின் கட்டிலில் ஆரம்பித்த கதை அரை உலகத்தைச் சுற்றிவிட்டு வந்தது. லிஃப்ட்காரர் வாய் பிளந்து கேட்டார். குறிப்புக்காகப் போனவருக்குக் கடலே பிடித்துப்போய்விட்டது. அவ்வளவு பெரிய இரும்பு எப்படி மிதக்கிறது? பாத்ரூம் தண்ணீர் எங்கே போகிறது? நடுக்கடலில் பால் எங்கிருந்து வருகிறது? வேலைக்குப் போன இடத்தில் லிஃப்டின் கயிற்றைப் பிடித்துக்கொண்டே யோசித்தார். மகள் ஏன் இப்படிக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள் என்று முதல்முறையாக அவருக்குப் புரிந்தது. கேட்க ஆரம்பித்தால் நிறுத்த முடியவில்லை.

அடுத்து, செய்முறைப் பயிற்சி. சாமான் அறையைக் காலி செய்து கப்பல் அறையாக்கினார். இரும்பு பீரோவில் காந்தக் கொக்கிகளை ஒட்டினார். கதவில் மகளின் கண் உயரத்துக்கு ஒரு வாத்துப் படம். ஆபத்துக்கால ஒத்திகை என்று ஒரு மத்தியானம் விசிலை எடுத்து, சின்னதாக ஏழும் நீளமாக ஒன்றும் ஊதினார். மகள் அழகாக வந்து வரிசையில் நின்றாள். கூடவே மாடிவீட்டுக்காரர்களும் ஈரத்தலையோடு ஓடிவந்து நின்றார்கள். அவர்களுக்கும் உயிர்காக்கும் உடையைக் கட்டும் முறையைச் சொல்லிக்கொடுத்துத்தான் அனுப்பினார்.

மனைவி இதையெல்லாம் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். “நீங்க இப்படித் தயாரானா நான் எப்படிங்க ஜெயிக்கறது? அந்தக் காந்தக் கொக்கி எதுக்கு? எனக்கும் சொல்லுங்களேன்.”

“அதெல்லாம் தொழில் ரகசியம்” என்று மீசையைத் தடவினார். அவருக்கு மீசை கிடையாது. இருந்தாலும் தடவினார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கேள்விக்குறி சோபாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அம்மா ஒரு பக்கம், அப்பா ஒரு பக்கம்.

“கப்பலுக்கு பிரேக் எங்கே இருக்கு?”

மனைவி விட்டத்தைப் பார்த்தாள். “கால் கிட்ட இருக்குமோ?”

“தப்பு!” என்று துள்ளினார் லிஃப்ட்காரர். “பிரேக்கே கிடையாது. அடியில சுத்தற விசிறியை எதிர்ப்பக்கமா சுத்தவிடுவாங்க. அப்பவும் உடனே நிக்காது. ரொம்ப தூரம் போய்த்தான் நிக்கும்.”

“நான் கப்பல்ல தொலைஞ்சு போயிட்டா?”

“அழுவோம்” என்றாள் மனைவி.

“சந்திக்கற இடத்தை முதல்லயே பேசி வச்சுக்குவோம்! பெரிய படிக்கட்டுக்குக் கீழே. நீ அங்கேயே நிக்கணும், நான் தேடி வருவேன். ரெண்டு பேருமே தேடினா ரெண்டு பேருமே தொலைவோம்.”

“மீனுக்குக் கப்பல் சத்தம் கேக்குமா?”

“அதுக்குத்தான் காதே இல்லையே” என்றாள் மனைவி.

“உள்காது இருக்கு! நல்லாவே கேக்கும்!”

மனைவி ஒன்றுக்குக்கூடச் சரியான பதில் சொல்லவில்லை. வருஷக்கணக்காகக் கப்பல் டிக்கெட் விற்பவள், பிரேக் காலடியில் இருக்கிறது என்கிறாளே என்று வேறு யாராக இருந்தாலும் ஒரு கணம் யோசித்திருப்பார்கள். லிஃப்ட்காரருக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. வாழ்க்கையில் முதன்முதலாக மனைவியை ஜெயித்துக்கொண்டிருந்தார்.

“அப்பா ஜெயிச்சாச்சு!” என்றாள் மகள். மனைவி கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். கப்பல் கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்கக் கூடாது என்பார்கள். இங்கே கப்பல் இன்னும் கிளம்பக்கூட இல்லை. லிஃப்ட்காரருக்கே பாவமாகிவிட்டது.

“வருத்தப்படாதே. உனக்கு ஒரு சங்கு வாங்கிட்டு வரேன்.”

“நீங்க சந்தோஷமா போயிட்டு வந்தாலே போதும்” என்று தழுதழுத்தாள். அன்று சாயங்காலமே பெட்டியும் கட்டிக்கொடுத்தாள். மாற்று உடையும் மருந்தும் கைப்பையில் இருந்தன. தொழில் ரகசியம் இவளுக்கு எப்படித் தெரிந்தது என்று ஒரு நொடி தோன்றியது. உடனே மறந்தும் போனது.

துறைமுகத்தில் கப்பலைப் பார்த்ததும் அப்பாவும் மகளும் ஒரே நேரத்தில் கழுத்தைப் பின்னால் சாய்த்தார்கள். அது கப்பலாகவே தெரியவில்லை. ஒரு தெருவையே நிமிர்த்தி வைத்தது போல இருந்தது.

“இதுல எத்தனை லிஃப்ட் இருக்கும்பா?”

“வா, எண்ணிப் பாப்போம்!”

முதல் லிஃப்டில் ஏறினார்கள். உள்ளே இன்னும் நாலைந்து பேர். எல்லாரும் ஆண்கள். எல்லார் கையிலும் ஒரு குழந்தை. எல்லார் தோளிலும் ஒரு கைப்பை. பக்கத்தில் நின்றவர் பெருமை தாங்காமல் பேச்சுக் கொடுத்தார்.

“சார், தனியா பிள்ளையோடவா? வீட்டுல எப்படி விட்டாங்க?”

“எங்க விட்டாங்க? வாதாடித்தான் ஜெயிச்சேன்” என்றார் லிஃப்ட்காரர்.

“அட, நானும்தான் சார்! சீட்டுக் குலுக்கிப் போட்டோம். எனக்கே விழுந்துச்சு.”

பின்னாலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். “நான் கேரம் ஆடி ஜெயிச்சேன். எங்க வீட்டம்மா கையில ஸ்ட்ரைக்கர் வழுக்கிடுச்சு.”

சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனால் அங்கும் மேசைக்கு மேசை ஓர் அப்பா, ஒரு பிள்ளை. ஒருவர் தன் பெண்ணின் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, அதை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். ஒருவர் பையனுக்குச் சட்டையை முன்பின்னாக மாட்டியிருந்தார். அத்தனை முகத்திலும் வெற்றிக் களை. கண்ணுக்கெட்டிய வரை ஓர் அம்மா இல்லை.

லிஃப்ட்காரருக்கு எங்கோ ஒரு ஸ்க்ரூ கழன்ற சத்தம் கேட்டது. மனைவிக்குப் போன் போட்டார்.

“ஏறியாச்சா? பிள்ளை சாப்பிட்டாளா?” குரலில் தழுதழுப்பு துளியும் இல்லை. பின்னால் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

“அது இருக்கட்டும். இங்க எல்லாருமே அப்பாவா இருக்காங்களே?”

“ஆமா. எல்லா அறையும் நிரம்பிடுச்சு. மேனேஜர் என்னைக் கூப்பிட்டுப் பாராட்டினார்.”

“உன்னை எதுக்கு?”

“யோசனை என்னோடது ஆச்சே. ‘அம்மாவுக்கு ஒரு வாரம் வீடு’ன்னு விளம்பரம் போட்டோம். பிச்சுக்கிட்டுப் போயிடுச்சு.”

“கப்பல் கம்பெனி எதுக்கு வீட்டை விக்குது?”

“வீட்டுலேர்ந்து உங்களையும் பிள்ளையையும் எடுத்துட்டா அப்புறம் மிச்சம் வீடுதானேங்க!”

லிஃப்ட்காரர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். “அப்போ நீ போட்டி போட்டது? ஆசைன்னு சொன்னது?”

“அதுதான் முதல் குறிப்பு. டிக்கெட் வாங்க வர்ற அம்மாக்களுக்கெல்லாம் நான்தான் சொல்லித் தர்றேன். எடுத்த எடுப்புலயே விட்டுக்கொடுக்கக் கூடாது, சந்தேகம் வந்துடும். நானும் போவேன்னு அடம்பிடிக்கணும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா தோக்கணும். கடைசியில கன்னத்துல கை வச்சே ஆகணும்.”

“கப்பலுக்கு பிரேக் இல்லைன்னு உனக்கு...”

“அதைச் சொல்லித்தாங்க தினம் டிக்கெட் விக்கறேன். சரி, வைக்கட்டுமா? நான் நிம்மதியா தூங்கி ஏழு வருஷம் ஆகுது. பத்திரம்.”

போனை வைத்துவிட்டு மகள் எதிரில் உட்கார்ந்தார். ஜன்னலுக்கு வெளியே கரை மெல்ல நகர ஆரம்பித்திருந்தது. மனைவியிடம் ஏமாந்தது அவருக்குப் பெரிதாக வலிக்கவில்லை. அது பழக்கம்தான். ஆனால் அந்தப் பரீட்சையில் மகள் அவரைத் தேர்ந்தெடுத்தாளே, அதுவும் பொய்தானா? வலித்தது அதுதான்.

“அம்மா வேணும்னே தோத்தாங்கன்னு உனக்குத் தெரியுமா?”

“தெரியுமே! நடுவுல சிரிச்சுடாதேன்னு சொல்லியிருந்தாங்க. கால் கிட்ட பிரேக்னு சொன்னப்போ எனக்குச் சிரிப்பை அடக்கவே முடியலை.”

“ஓகோ” என்றார் லிஃப்ட்காரர். “அப்போ நிஜமா போட்டி வச்சிருந்தா, அம்மாவைத்தான் கூட்டிக்கிட்டு வந்திருப்பே.”

கேள்விக்குறி பட்டென்று தலையாட்டினாள். “இல்லப்பா! அம்மா ஜெயிச்சிருந்தாலும் நான் உங்களைத்தான் சொல்லியிருப்பேன். முதல்லயே முடிவு பண்ணிட்டேன்.”

லிஃப்ட்காரருக்குக் கண் நிறைந்துவிட்டது. கப்பல், கடல், மனைவி, மேனேஜர் எல்லாம் மறந்து போனது. மகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். வாழ்க்கையில் அவரே அவளிடம் கேள்வி கேட்ட அபூர்வமான நேரம் அது.

“ஏன்டா கண்ணு, அப்பாவை அவ்வளவு பிடிக்குமா?”

“பிடிக்கும். அதோட, நீங்கதானேப்பா யார் என்ன சொன்னாலும் நம்புவீங்க!”