காயாத விலை

தஞ்சாவூர் ஜில்லாவில் பிறந்ததிலிருந்து யாரையுமே நம்பாத மனிதர் ஒருவர் உண்டு என்றால், அது எங்கள் ரைஸ்மில் ஈரப்பதம் மாமாதான். பஸ் கண்டக்டர் கொடுக்கும் டிக்கெட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். வேளாங்கண்ணிக்குப் போனபோது கடலில் விரலை நனைத்து நாக்கில் வைத்து, "உப்பு கம்மியா இருக்கே" என்றாராம். காலண்டரில் செவ்வாய்க்கிழமை என்று போட்டிருந்தால், பக்கத்துக் கடைக் காலண்டரையும் எட்டிப் பார்த்த பிறகே ஒப்புக்கொள்வார்.

அவர் பார்த்த வேலை அப்படி. மில்லுக்கு வருகிற நெல்லை வாங்கலாமா, திருப்பி அனுப்பலாமா என்று சொல்வது மாமாதான். மூட்டைக்குள் குத்தூசியைச் செருகி நாலு மணியை எடுப்பார். கடைவாயில் வைத்து 'கடுக்' என்று ஒரு கடி. "பத்தொம்பது. காயப் போட்டு எடுத்துட்டு வாங்க." அப்புறம் மீட்டரில் வைத்தால் அதுவும் பத்தொன்பது என்றே காட்டும். ஈரம் பதினேழு சதவீதத்துக்கு மேல் போனால் லோடு உள்ளே வராது. ஈர நெல் கனக்கும், அந்தக் கனத்துக்குக் காசு கொடுப்பது தண்ணீரை விலைக்கு வாங்குவதுதான். முப்பது வருஷம் இதையே கடித்துப் பார்த்ததில், உலகத்தில் எல்லா விலையிலும் கொஞ்சம் தண்ணீர் கலந்திருக்கிறது என்ற முடிவுக்கு மாமா வந்துவிட்டார். பட்டுப்புடவையோ பல்செட்டோ, மகளுக்கு வந்த ஜாதகமோ, எதைக் காட்டினாலும் "ஈரம் இருக்கு மாப்ள" என்பார். பட்டப்பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

நான் அதே மில்லில் லாரிகளை அனுப்பும் வேலையில் இருந்தேன். அந்தப் புரட்டாசியில், டிவியில் மாட்டி விளையாடும் புது கேம் கன்சோல் ஒன்று வெளிவந்தது. நாற்பதை நெருங்குகிறவனுக்கு அது எதற்கு என்று நீங்கள் கேட்பீர்கள். என் மனைவியும் கேட்டாள். காரணம் என் அண்ணன்.

அண்ணன் சிங்கப்பூரில் இருக்கிறான். திருக்காட்டுப்பள்ளி பக்கத்தில் இருந்த அப்பாவின் நிலத்தைப் பிரித்தபோது, வாய்க்கால் ஓரத்து ரெண்டு மா நிலம் யாருக்கு என்பதில் வாய் தடித்துப்போயிற்று. பட்டா மாறியது, பேச்சு நின்றது. போன் செய்தால் "ம்" என்பான். நல்லா இருக்கியா என்றால் "ம்". சாப்பிட்டியா என்றாலும் அதே "ம்"தான். பள்ளிக்கூட நாட்களில் நாங்கள் இருவரும் ஒரே சைக்கிளில் தஞ்சாவூர் வரை மிதித்துப் போய், மணிக்கு இவ்வளவு என்று காசு வாங்கும் வீடியோ கேம் கடையில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு கேம் ஆடியவர்கள். பொங்கலுக்கு அவன் லீவில் வருகிறான். வீட்டில் அந்தப் பெட்டி இருந்தால், மன்னிப்பு, விளக்கம் எதுவும் இல்லாமல் ரெண்டு மணி நேரம் பக்கத்தில் உட்காரலாம். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். என் அண்ணன் எனக்குத் திரும்ப வேண்டும்.

இதை டீ நேரத்தில் வாய்விட்டுச் சொன்னது நான் செய்த தப்பு.

"வெளி வந்து எத்தன நாளாச்சு?" என்றார் மாமா.

"நாலு நாள் மாமா."

"நாலு நாளா! பச்ச நெல்லுடா அது. அறுத்த கருக்கு அருவாளோட ஈரம்கூட காஞ்சிருக்காது. நானும் வர்றேன்."

சாயங்காலமே ஷோரூமுக்கு வந்துவிட்டார். கன்சோல் பெட்டியைக் காதருகே வைத்துக் குலுக்கினார். மோந்து பார்த்தார். நல்லவேளை, கடிக்கவில்லை. விற்பனையாளர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தது மாமாவின் சந்தேகத்தை இன்னும் கிளப்பிவிட்டது.

"இதுல வெளையாட்டு எத்தன இருக்கு?"

"கேம் தனியா வாங்கணும் சார்."

"நெட்டுல ஆடுனா?"

"அதுக்கு மாசச் சந்தா சார்."

"ரிமோட்டு?"

"கன்ட்ரோலர் ஒண்ணு உள்ளயே இருக்கு சார். ரெண்டாவது தனி."

மாமா என் பக்கம் திரும்பினார். "கேட்டியா மாப்ள? வண்டி விக்கிறான், மாடு ஒண்ணுதான் தர்றான். இன்னொரு மாட்டுக்குத் தனி வெல. அண்ணனும் தம்பியும் ஆளுக்கு ஒரு கையா புடிச்சு ஆடுவீங்களா?"

"லான்ச் விலை சார், எல்லா ஊர்லயும் இதேதான்" என்றார் விற்பனையாளர்.

"எல்லா ஊர்லயும் ஒரே வெலையா? அப்ப எல்லாரும் சேந்து பேசி வச்சிருக்கீங்க!"

எனக்கும் உள்ளுக்குள் அரிக்க ஆரம்பித்தது. ஒரே ஒரு கன்ட்ரோலரைக் கொடுத்துவிட்டு இவ்வளவு விலை சொல்வது நியாயமா? இவர்கள் நிஜமாகவே தண்ணீரை விற்கிறார்களோ? சந்தேகம் பொல்லாத தொற்றுநோய், மாமா பக்கத்தில் நின்றாலே வந்துவிடும். வாசலுக்கு வந்ததும் அவர் தீர்ப்புச் சொன்னார்: "தை வரைக்கும் காயப் போடு. தானா வெல எறங்கும். எறங்கலேன்னா என் பேர மாத்திக்க."

சரி என்று விட்டுவிட்டேன். அதற்குப் பிறகு வாராவாரம் மாமா ஷோரூமுக்குப் போய் ஈரம் பார்த்தார். "இன்னிக்கு எவ்வளவு?" என்று கேட்டுவிட்டு, பதிலையும் நம்பாமல், விலைச்சீட்டைக் கண்ணாடி போட்டுப் படித்துவிட்டு வருவார். மூன்றாவது வாரத்திலிருந்து அவர் தலை தெரிந்ததும் விற்பனையாளர் வாஷிங்மெஷின்களுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ள ஆரம்பித்தார். "ஒளியிறான் பாத்தியா? வெல எறங்கப் போவுது" என்று மாமா அதற்கும் ஒரு அர்த்தம் கண்டுபிடித்தார்.

மார்கழியில் விலை மாறியது. ஏறியது.

உதிரிப் பாகங்களின் விலை கூடிவிட்டது என்று கம்பெனி காரணம் சொன்னதாம். நான் எடுத்து வைத்திருந்த பணத்துக்கு அது இனி எட்டாது. அன்றைக்கு நானும் கூடப் போயிருந்தேன். மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டு விலைச்சீட்டை இரண்டாவது முறை படித்தார். "காயக் காய எடை கூடுற நெல்ல என் சர்வீஸ்ல பாத்ததில்லயே மாப்ள" என்றார். அவர் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதே இல்லை. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. "உங்க பேச்சக் கேட்டேன் பாருங்க" என்று சொல்லிவிட்டு பைக்கை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அடுத்த பத்து நாள் மாமா நெல்லைக் கடித்துவிட்டு நம்பரை மட்டும்தான் சொன்னார்.

பொங்கலுக்கு அண்ணன் வந்தான். கரும்பு தின்றான், டிவி பார்த்தான், வாங்க நினைத்து விட்டுப்போன கன்சோலின் பெயரைச் சொன்னபோதும் "ம்" என்றான். நாளும் ஓடிக்கொண்டிருந்தது. காணும் பொங்கல் அன்று காலை வாசலில் மாமா வந்து நின்றார், கக்கத்தில் ஒரு மஞ்சள் பையோடு. அண்ணனுக்கு ஒரு கும்பிடு போட்டார். பையிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தார். கன்ட்ரோலர்.

"ரெண்டாவது மாடு" என்றார். "என்னாலதானே கெட்டுச்சு. வண்டிய நீங்க எப்ப வேணா வாங்குங்க. ஆனா ஒத்த மாட்ட வச்சுகிட்டு நிக்கக்கூடாது. கடையில சொன்ன வெலய அப்படியே குடுத்தேன் மாப்ள. பேரமே பேசல."

அண்ணன் பெட்டியை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். அவன் முகம் ஒரு மாதிரி கோணியது. அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தான்.

"டேய், இது வேற கம்பெனி மெஷினோடதுடா! நீ சொல்ற பொட்டியில இது மாட்டவே மாட்டாது!"

மாமா பெட்டியைப் பிடுங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "அந்த ஆளு ஒளிஞ்சுகிட்டான், பில்லு போடுற பொண்ணுதான் எந்த மெஷினுக்குன்னு கேட்டுச்சு. கேம் மெஷினுக்குத்தாம்மா, ரைஸ் மெஷினுக்கா கேக்குறேன்னு சொல்லி வாங்கிட்டு வந்தேன்."

ஆயுள் முழுக்க எல்லாவற்றையும் சோதித்த மனிதர், ஒரே ஒரு நாள் சோதிக்காமல் வாங்கியது அதுதான். எனக்கோ அது பெரிதாகத் தெரியவில்லை. ஏனென்றால் அண்ணன் பேசியிருந்தான். "டேய்" என்று கூப்பிட்டிருந்தான்.

கடை திறந்ததும் நாங்கள் இருவரும் ஒரே பைக்கில், மாமா ஈரம் பார்த்த கதையை நான் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போய், அதை மாற்றினோம். ஷோரூமில் ஆடிப் பார்ப்பதற்காக அந்தக் கன்சோலை ஒரு டிவியில் மாட்டி வைத்திருந்தார்கள், ரெண்டு கன்ட்ரோலரோடு. கார் ரேஸ். நின்றுகொண்டே முக்கால் மணி நேரம் ஆடினோம், தோளோடு தோள் இடித்துக்கொண்டு. வாங்கவில்லை. விலைச்சீட்டைப் பார்த்துவிட்டு அண்ணன் சொன்னான்: "காயட்டும்டா. அடுத்த லீவுக்கு வந்து பாத்துக்கலாம்."

அந்த விலை நியாயமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மாமா போன மாதம் மில்லிலிருந்து ஓய்வு பெற்றார். சும்மா இருக்கிற நேரமெல்லாம் இப்போது ஷோரூமில்தான். எங்கள் வீட்டு டிவி பக்கத்தில் கன்சோல் இல்லாத கன்ட்ரோலர் ஒன்று தூசி தட்டப்பட்டு உட்கார்ந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் அண்ணனே போன் செய்கிறான்.

"மாமா பாத்துட்டு வந்தாரா? ஈரம் எவ்வளவுடா?"

"பதினேழுக்கு மேலதான்ணே" என்கிறேன். நான் சொல்வது மாமா நெஞ்சின் ஈரத்தை.