எட்டு கோரும் ஒரு கோர்வையும்

கல்யாணமான நாளிலிருந்து என் மனைவி எதற்கும் ஒரே வார்த்தையில் "சரி" என்று சொன்னதில்லை. போன மாதம் சொன்னாள். அவள் சொன்னது சரி. எனக்குப் பிடித்தது சனி.

விஷயம் இதுதான். வீட்டிலிருந்த பழைய லேப்டாப் உயிரை விட்டுவிட்டது. நான் ஒரு டயர் கம்பெனியின் கிடங்கில் சூப்பர்வைசர். வீட்டிலிருந்து ரிப்போர்ட் அனுப்ப வேண்டும், இணையத்தில் நாலு விஷயம் பார்க்க வேண்டும். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், கார் பந்தய விளையாட்டு ஒன்றும் ஆட வேண்டும். நாள் பூராவும் அடுக்கி வைத்த டயரையே பார்க்கிறவனுக்கு, அது உருள்வதையும் ஒரு தரம் பார்க்க ஆசை இருக்காதா?

உருள வேண்டுமென்றால் நல்ல பிராசஸர் வேண்டும். அதுதான் லேப்டாப்பின் மூளை. அந்த மூளைக்குள்ளே வேலையைப் பங்கு போட்டுச் செய்கிற பகுதிகளுக்குக் 'கோர்' என்று பெயர். நிறையக் கோர் இருந்தால் நிறைய வேலை. எட்டு கோருக்குக் குறைந்து வாங்குவதில்லை என்று சபதம் எடுத்துக்கொண்டேன். மனசுக்குள்தான்.

சத்தமாக எடுக்க முடியாது. என் மனைவி பல் டாக்டரிடம் உதவியாளராக இருக்கிறாள். நான் வாயைத் திறந்தாலே சொத்தை எங்கே என்று கண்டுபிடித்துவிடுவாள். அதனால் வாயைப் பாதி மட்டும் திறந்து ஆரம்பித்தேன்.

"பிராசஸர்ல ரெண்டு வகை இருக்கு. சாதாரணம் ஒண்ணு, பலமானது ஒண்ணு. நமக்குப் பலமானதுதான் சரிப்படும்."

"எதுக்கு?"

"பிரவுசிங்குக்கு."

"அப்படின்னா?"

"இணையத்துல தேடறது."

"மூக்குக்கண்ணாடியத் தலையில வெச்சுக்கிட்டே வீடு பூரா தேடற ஆளு நீங்க. அதுக்கு எத்தனை கோர் வேணும்?"

"எட்டு."

அவள் என்னை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். பிறகு சொன்னாள். "சரி."

ஒரு தலையணை உறை வாங்கவே மூன்று கடை ஏறி இறங்குகிறவள். என்ன திட்டம்? அவள் தூங்கும்போது நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், காய்ச்சல் இல்லை. அலமாரியைத் திறந்து பார்த்தேன், எனக்குத் தெரியாமல் வாங்கிய துணி எதுவும் இல்லை. "உங்கம்மா வராங்களா?" என்று பொதுவாகக் கேட்டேன். "ஏன், வரக்கூடாதா?" என்றாள். அந்தப் பக்கம் மேற்கொண்டு துப்புத் துலக்க எனக்குத் தைரியமில்லை.

கடைக்குப் போனோம். விற்பனையாளர் நல்ல மனிதர். அதுதான் தொல்லை.

"என்ன பண்ணப் போறீங்க சார்?"

"பிரவுசிங்."

"கேம்ஸ்?"

ஓரக்கண்ணால் மனைவியைப் பார்த்தேன். அவள் பைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"லேசா," என்றேன்.

"அப்ப இதுவே தாராளம் சார். ஆறு கோர். கிராஃபிக்ஸ் உள்ளயே நல்லா இருக்கு. சூடாகாது, பேட்டரி நிக்கும். எட்டு கோரெல்லாம் பெரிய பெரிய கேம் ஆடறவங்களுக்கு."

நான் அவசரமாகக் கண்ணடித்தேன்.

"கண்ணுல தூசி விழுந்துடுச்சா சார்? தண்ணி தரவா?"

அதற்குள் என் மனைவி, "கொஞ்சம் இப்படி வரீங்களா?" என்று அவரைப் பிரிண்டர்கள் இருந்த மூலைக்குத் தள்ளிக்கொண்டு போனாள். ஏதோ கேட்டாள். அவர் தலையாட்டினார். பிறகு ஒரு விரலைத் தூக்கிக் காதுக்குப் பக்கத்தில் கிறுகிறுவென்று சுற்றிக் காட்டினார். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

எனக்கு மறை கழன்றுவிட்டது என்கிறார்களா? நான் தெளிவாக இருப்பதுபோல் நிமிர்ந்து நின்றேன். அப்படி நிற்கும்போதுதான் மனிதன் ரொம்பச் சந்தேகத்துக்கு இடமாகத் தெரிகிறான்.

அவள் திரும்பி வந்தாள். "எட்டு கோரே குடுத்துடுங்க."

வாங்கியாகிவிட்டது. ஆனால் சந்தோஷம் வரவில்லை. அந்தச் சுற்றிய விரல் என் கண்ணுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். "அவசர ரிப்போர்ட்" என்று சொல்லிவிட்டு அறைக்கதவைச் சாத்தினேன். நாலு வரி நியாயமாகவே அடித்தேன். லேப்டாப் பூனைபோல் இருந்தது. பிறகு காரில் ஏறினேன். ஆகா, என்ன வேகம்! முதல் வளைவில் லேப்டாப் லேசாக முனகியது. இரண்டாவது வளைவில் மாவு மில் ஆனது. மூன்றாவதில் விமானம் கிளம்பியது.

"என்னங்க!" சமையலறையிலிருந்து குரல். "ரிப்போர்ட் எப்படிப் போகுது?"

"நடந்துட்டிருக்கு!"

"நடக்கற மாதிரி தெரியலயே. பறக்குதே!"

கதவு திறந்தது. கையில் கரண்டியோடு நின்றாள்.

"அந்தக் கடைக்காரர்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். விளையாடினா எது சத்தம் போடும்னு. சின்னது அவ்வளவா போடாதாம். பெருசு இருக்கே, டைப் அடிச்சா ஊமை. விளையாடினா உள்ள ஃபேன் சுத்திச் சுத்தி ஊரக் கூட்டுமாம். அடுப்படியிலயே கேக்குமான்னேன். கேக்கும்னார். அதான் பெருசா வாங்கச் சொன்னேன்."

"என் மேல அவ்வளவு சந்தேகமா?"

"சந்தேகமெல்லாம் இல்ல. எட்டு கோர்னப்பவே கோர்வையா ஒரு பொய் வருதுன்னு நிச்சயமாத் தெரிஞ்சுது."

மானம் போனபிறகு ரிப்போர்ட்டாவது மிஞ்சட்டும் என்று, காரை நிறுத்திவிட்டு நிஜமாகவே வேலை பார்த்தேன். லேப்டாப் மூச்சு விடவில்லை. நானும் விடவில்லை. கதவு மறுபடி திறந்தது.

"சத்தத்தயே காணோம். சும்மாதான இருக்கீங்க? பாத்திரம் குமிஞ்சு கெடக்கு, வாங்க."

போனேன். அடிபிடித்த சட்டி ஒன்றைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது அறையிலிருந்து மெல்லிய முனகல் வந்தது. பிறகு மாவு மில். பிறகு விமானம்.

"அங்க யாரு?" என்றேன், சோப்புக் கையோடு.

"நான்தான். இதுல பிரேக் எது?"

"இடது பக்கம், கீழ இருக்கற பட்டன்!" என்று கத்தினேன். "வளைவுக்கு முன்னாடியே அமுக்கணும்!"

விமானம் ஒரு தரம் தணிந்து மறுபடி கிளம்பியது. பிறகு குரல் வந்தது.

"அந்தக் குழாயக் கொஞ்சம் மெதுவாத் திறங்க. வண்டிச் சத்தம் கேக்க மாட்டேங்குது."