மூன்றாம் கையின் அளவு

அன்புள்ள அண்ணனுக்கு,

இல்லை, இன்னும் பெயிண்ட் அடித்து முடியவில்லை. காரணம் சொல்கிறேன். அதற்கு முன் முறைப்படி: இங்கே நான் நலம், வீடு நலம், உன் முதுகுவலியும் அங்கே சௌக்கியமாக இருக்கும் என்று நம்புகிறேன்.

வெள்ளிக்கிழமை குடிவருகிறவர்களுக்காக நீ அனுப்பிய பெயிண்டர் திங்களன்றே வந்துவிட்டார். கூடம் முடிந்தது, சமையலறை முடிந்தது, மாடிப்படிக்கு அடியில் இருக்கும் அறையில் அம்மா வைத்த இரும்பு பீரோவை நகர்த்தினார், டார்ச் அடித்தார், அடுத்த நிமிடம் வாசலில் நின்று தண்ணீர் கேட்டார். உள்ளே மூன்று கையோடு ஒருவர் நிற்கிறாராம். அவர் யார் என்று தெரியாமல் பிரஷ்ஷைத் தொடமாட்டாராம்.

உனக்குத் தெரியும். பத்து வயதில், பள்ளிக்கூடம் போகாமல் சுற்றியதற்கு அப்பா உன்னை அடித்த சாயங்காலம், நீ ஸ்டூல் போட்டு ஏறி ஆளுயரத்துக்குக் கரியால் வரைந்த அப்பா. அடிக்க ஒரு கை கூடுதல். இடுப்புக்குக் கீழே மீன். காதிலிருந்து இலையோடு ஒரு கொடி. அது என் பங்கு. அம்மா பார்த்தாள், பீரோவைத் தள்ளி மறைத்தாள். அன்றிலிருந்து நீ அந்த அறைக்குள் போனதில்லை. அப்பா போன பிறகும். "மொதல்ல அந்தச் சுவத்த மூடு" என்று போனில் சொன்னபோது உன் குரல் ஒரு மாதிரி இருந்தது.

வேடிக்கை என்னவென்றால், அகராதி அலுவலகத்தில் மூன்று வாரமாக நான் மாட்டிக்கொண்டிருக்கும் சொல்லும் இதற்கானதுதான். 'க்ரொட்டெஸ்க்' என்ற ஆங்கிலச் சொல். தமிழில் கோரம் என்று எழுதினேன், ஆசிரியர் கோடு போட்டார். விகாரம் என்றேன், அதற்கும் கோடு. "பயம் இருக்கும்மா, சிரிப்பு எங்க?" என்றார். சொல்லின் பிறப்பைத் தேடினால் குகையில் போய் நிற்கிறது. ரோம் நகரில் மண்ணில் புதைந்த ஒரு பழைய மாளிகை. பல நூற்றாண்டு கழித்துக் கயிறு கட்டி இறங்கியவர்களுக்கு அதன் அறைகள் குகையாகத் தெரிந்தன. சுவரெல்லாம் பாதி மனிதன், பாதி இலை. ஆசை ஆசையாகப் பார்த்து வரைந்துகொண்டார்கள். குகைச் சித்திரம் என்றார்கள். அசிங்கம் என்ற பொருள் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது.

நம் படம் வந்த கதையோடு இதையும் பெயிண்டரிடம் சொன்னேன். யோசித்தார். "அப்ப அந்த வீட்லயும் அடி வாங்கின பசங்க இருந்திருக்காங்க" என்றார். தைரியம் வந்து இருவரும் உள்ளே போனோம். கிட்டே போய் டார்ச் அடித்தவர், மேலெல்லாம் என்னமோ நம்பர் எழுதியிருக்கிறது என்றார்.

நீலப் பென்சில். தையல் கடையில் அப்பா துணிக்குக் குறி போடும் அதே பென்சில், அளவு நோட்டில் இருக்கும் அதே கையெழுத்து. தோள் பதினாறு. வலது கை இருபத்திரண்டு. இடது கை இருபத்தொன்று. மூன்றாம் கை பதினேழரை. மீன்வால் பக்கத்தில்: 'பேன்ட் வேண்டாம்.'

அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது, அண்ணா. பீரோவை நகர்த்தி, டேப் போட்டு அளந்து, திரும்பத் தள்ளிவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் நம்மோடு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். அதற்குப் பிறகு அவர் உன்னை அடித்ததாக எனக்கு நினைவில்லை. உனக்கு?

ஆனாலும் நீ சொன்னால் சொன்னதுதான். நாளைக் காலை அந்தச் சுவரும் வெள்ளையாகிவிடும், கவலைப்படாதே. அண்ணிக்கு என் அன்பு, குழந்தைகளுக்கு முத்தம், உன் முதுகுக்குத் தைலம்.

இப்படிக்கு,
கொடி வரைந்த தங்கை

பி.கு.: பெயிண்டர் வந்தார். மூன்று சுவர்களை அடித்தார். நான்காவதற்கு அவருக்கும் மனசில்லை, எனக்கும். குடிவருகிறவர்களிடம் அந்த பீரோ நகராது என்று சொல்லியாயிற்று. அதைத் திரும்பத் தள்ளுவதற்கு முன் அப்பாவின் டேப்பைத் தேடி எடுத்து மூன்றாம் கையை அளந்தேன். பதினேழரைதான்.