பூசணிக்குக் கல்லீரல் உண்டா?

சூளகிரி நெடுஞ்சாலையோரத் தகரக் கொட்டகையில் ஞாயிற்றுக்கிழமை நிற்க இடமில்லை. ஊத்தங்கரையிலிருந்தெல்லாம் பிள்ளைகளோடு வேன் பிடித்து வந்திருந்தார்கள். உள்ளே களி மகான். கத்தியில்லை, மருந்தில்லை, பிள்ளையின் வயிற்றில் ஆறிப்போன ராகிக் களி உருண்டையை மூன்று நிமிடம் வைத்தால் போதும், கல்லீரல் கொழுப்பு களிக்குள் குடியேறிவிடுமாம். பிட்டுக் காட்டுவார், உள்ளே வெள்ளைக் கட்டி இருக்கும். பெற்றவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். கட்டணம் கிடையாது, காணிக்கைதான்: ஆயிரத்து நூறு ரூபாயும் ஒரு பூசணியும். மகான்களுக்குச் சில்லறை ஒத்துக்கொள்ளாது போலும்.

சரிதாவுக்கு அந்தக் கூட்டத்தில் நிற்பதே எரிச்சல். பதினாலு வயது மகள் காவியாவுக்குக் கல்லீரலில் கொழுப்பு என்று ஸ்கேனில் வந்திருந்தது. டாக்டர் சொன்னது சுலபம்: பாட்டில் ஜூஸையும் பேக்கரி பப்ஸையும் நிறுத்து, தட்டில் காய்கறியும் பயறும் கூடட்டும், தினமும் ஒரு மணி நேரம் ஓடியாடு. ஒரு மாதம் ஒழுங்காய் நடந்தது. அப்புறம் கணவன் மாதேஸ்வரன் களி மகானின் வீடியோவைப் பார்த்துத் தொலைத்தான்.

"இனி புள்ள எத வேணா தின்னலாமாம். எதுக்கு வாயக் கட்டணும்?" என்றான்.

"இப்படியே விட்டா ஈரலே கெட்டுரும்னு டாக்டர் சொன்னது காதுல விழலீங்களா?"

"ஒருதடவ பாத்துரலாமே சரிதா."

"பாக்கலாம். நானே பாக்கறேன்."

சரிதா ஓசூர்ப் பக்கம் ஓர் ஆலையில் தரம் பார்ப்பவள். அங்கே ஒரு வழக்கம்: அளவுக் கருவியை நம்புமுன், பழுதில்லை என்று உறுதியாய்த் தெரிந்த உதிரிப் பாகத்தை அதில் வைத்துப் பார்ப்பார்கள். அதையும் பழுது என்று காட்டினால், கோளாறு கருவியில்தான்.

பெண்பிள்ளைகள் இருக்கும் பக்கம் மகான் வரமாட்டார், அவ்வளவு ஒழுக்கம். திரைக்குப் பின்னால் தாயே களியை வயிற்றில் வைத்து எடுத்து நீட்ட வேண்டும். காவியாவின் முறை வந்தது. சரிதா மகளை ஓரமாய் உட்காரவைத்துவிட்டு, காணிக்கைப் பூசணியைப் பாயில் படுக்கவைத்தாள். அதன்மேல் களியை வைத்தாள். காவியா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

மூன்று நிமிடம் மந்திரம் முழங்கியது. களி கைமாறியது. மகான் பிட்டார்.

"பாத்தியா தாயி, எவ்வளவு கொழுப்பு. உம்பொண்ணு ஈரல் இப்ப பூ மாதிரி ஆயிருச்சு."

சரிதா திரையை இழுத்தாள். "பொண்ணு இங்க உக்காந்திருக்கா சாமி. படுத்திருக்கறது பூசணி."

மகான் சளைக்கவில்லை. "பூசணிக்கும் உசுரு இருக்கு தாயி."

"உசுரு இருக்கட்டும். ஈரல் எங்க இருக்கு?"

யாரோ களுக்கென்று சிரிக்க, சிரிப்பு கொட்டகை முழுக்கப் பரவியது. சரிதா மகான் பக்கத்து அண்டாவிலிருந்த உருண்டைகளை எடுத்து ஒவ்வொன்றாய்ப் பிட்டாள். யார் வயிற்றையும் தொடாத களி. எல்லாவற்றிலும் அதே கட்டி. மாதேஸ்வரன் மோந்து பார்த்தான். "வனஸ்பதி," என்றான். வெட்கத்தில் அவனால் நிமிர முடியவில்லை. பின்பக்கத் தகரத்தை நீக்கி நழுவப்பார்த்த மகானை வேன் டிரைவர்களே பிடித்து உட்காரவைத்தார்கள்.

"அப்ப போன வாரம் எம்பையனுக்கு எடுத்த கொழுப்பு?" என்று கேட்டார், ஆலைச் சீருடையில் இருந்த ஒருவர்.

"அது அவன் ஈரல்லயேதாங்க இருக்கு. டாக்டர் சொன்னதத் தின்னவெச்சு, ஓட விடுங்க." சரிதா கூட்டத்தைப் பார்த்தாள். கோபமும் பரிதாபமும் சேர்ந்தே வந்தன. "இங்க பாதிப் பேர் கம்பெனிக்காரங்க. ஒரு போல்ட்டக்கூட சோதிக்காம லாரியில ஏத்த மாட்டீங்க. பெத்த புள்ளைங்கள மட்டும் எப்படிங்க கண்ண மூடிக்கிட்டு ஓகே பண்றீங்க?"